லாக் எந்த இடத்தில் நின்றது? கேமராவிலிருந்து கண்காணிப்புத் திரை வரை, அறிகுறி பார்த்துத் தேடும் வழி

எந்த அமைப்பை மனதில் வைத்து எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நூற்பாலை. மூன்று யூனிட். ஒவ்வொன்றிலும் கேமராக்கள், அவற்றைப் பதிவு செய்யும் என்விஆர், வாசலில் கைரேகை இயந்திரம், யூபிஎஸ்ஸில் நெட்வொர்க் கார்டு, மின்மீட்டர் படிக்கும் கேட்வே பெட்டி. இவற்றில் ஏஜென்ட் (லாக்கைத் திரட்டி அனுப்பும் சிறு நிரல்) நிறுவ முடியாது. சிஸ்லாக் (நடந்ததை வரி வரியாக நெட்வொர்க்கில் அனுப்பும் முறை) அனுப்பத்தான் தெரியும். அதை டெபியன் லினக்ஸ் சர்வரில் ஓடும் ஆர்சிஸ்லாக் என்ற நிரல் வாங்கிக் கோப்பில் எழுதுகிறது. அந்தக் கோப்பை வாஸூ என்ற பாதுகாப்புக் கண்காணிப்பு மென்பொருளின் ஏஜென்ட் படித்து மைய சர்வருக்கு (மேனேஜர்) அனுப்புகிறது. உங்களிடம் வாஸூவுக்குப் பதில் கிரேலாக்கோ ஸ்ப்ளங்கோ இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

பயணத்தில் நான்கு நிறுத்தங்கள்: சாதனம், வழியில் உள்ள நெட்வொர்க், வாங்கும் சர்வர், மையத் தளம். டாஷ்போர்டில் ஒன்றும் இல்லையென்றதும் பலர் டாஷ்போர்டையே நோண்டுகிறார்கள். அது கடைசி நிறுத்தம். நடுவில் உட்கார்ந்து பாருங்கள். வாங்கும் சர்வரில் டிசிபி-டம்ப் என்ற, வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவியைத் திறந்து, 514-ஆம் போர்ட்டுக்கு வடிகட்டி, அந்தச் சாதனத்தின் ஐபியை மட்டும் கேளுங்கள். பாக்கெட் வருகிறதா இல்லையா என்ற ஒரே பதிலில் தேடும் இடம் பாதியாகிவிடும். அதைப் பார்க்கும்வரை எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். தொட்டால், எதை மாற்றியதால் சரியானது என்று பிறகு தெரியாது.

டிசிபி-டம்ப்பில் ஒரு பாக்கெட்கூட இல்லை

முதலில் சாதனத்தை ஏதாவது பேச வையுங்கள். லாக் வராததற்கு, அங்கே எதுவும் நடக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கேமராவின் வெப் பக்கத்தில் வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டு போடுங்கள். இரண்டு தடவை போதும். அதற்கு மேல் போனால் சில சாதனங்கள் பூட்டிக்கொள்ளும்.

அப்போதும் மௌனமா? அதே விஎலானில் (சுவிட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) ஒரு லேப்டாப்பைச் செருகி, லினக்ஸின் லாகர் கட்டளையில் யூடிபி (பதில் எதிர்பாராமல் அனுப்பும் முறை) வழியாகச் சர்வருக்கு ஒரு வரி அனுப்புங்கள். அது வந்து சேர்ந்தால் வழி சரி, சாதனத்தில் கோளாறு. வராவிட்டால் வழியில் கோளாறு. இங்கே இரண்டு போலிச் சோதனைகள் பற்றி எச்சரிக்க வேண்டும். பிங் போகிறது என்பதற்கு 514 திறந்திருக்கிறது என்று பொருள் இல்லை. டெல்நெட் போட்டு 514-ஐத் தட்டிப் பார்ப்பது டிசிபி (இணைப்பு ஏற்படுத்திய பின் அனுப்பும் முறை) சோதனை. உங்கள் சாதனம் யூடிபியில் அனுப்பினால் அந்த விடை எதற்கும் உதவாது. நெட்கேட்டை யூடிபிக்கு வைத்தாலும், எதிர்முனையில் யாரும் இல்லாமலேயே வெற்றி என்று சொல்லிவிடும்.

லேப்டாப் வரி வந்தது, கேமரா வரி வரவில்லை. எங்களுக்கு முதல் யூனிட்டில் நடந்தது இதுதான், அரை நாள் போனது. ஐபி சரி, மாஸ்க் சரி, சிஸ்லாக் முகவரி சரி. கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசலின் ஐபி) என்ற கட்டத்தில் நான்கு பூஜ்யங்கள். கேமரா மாட்டிய தம்பியைக் கேட்டேன். "சார், கேமரா நெட்டுக்குப் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் கேட்வே போடல" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கேட்வே இல்லாத சாதனம் தன் விஎலானுக்குள் மட்டும்தான் பேசும். சர்வர் வேறு விஎலானில் இருந்தால் லாக் வாசலைத் தாண்டாது. என்விஆர் அதே விஎலானில் இருந்ததால் படம் மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கேட்வேயைப் போட்டுவிட்டு, ஃபயர்வாலில் அந்த விஎலானிலிருந்து லாக் சர்வரின் 514-க்கும் என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்யும்) சர்வரின் 123-க்கும் மட்டும் வழிவிட்டு, மிச்சத்தை அடைத்தோம். நெட்டுக்கு விடக் கூடாது என்ற பிடிவாதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் பரவியது, தயாரிப்பு பாஸ்வேர்டு மாற்றாமல் இணையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்கள் வழியாகத்தான்.

கேட்வே சரியென்றால் பார்க்க வேண்டியவை சில்லறை: சர்வரை ஐபியாகக் கொடுக்காமல் பெயராகக் கொடுத்து, சாதனத்தில் டிஎன்எஸ் இல்லாமல் இருப்பது, ஃபர்ம்வேர் ஏற்றியபோது சிஸ்லாக் செட்டிங் அழிந்துபோனது, பக்கத்தில் டிக் போட்டுவிட்டு ‘சேவ்’ அழுத்த மறந்தது. கடைசியைப் படித்துச் சிரிப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாக்கெட் தெரிகிறது, கோப்பில் வரி இல்லை

பலர் குழம்பும் இடம் இது. டிசிபி-டம்ப்பில் தெரிந்தால் சர்வருக்கு வந்துவிட்டது, ஆகவே ஃபயர்வால் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிசிபி-டம்ப் பாக்கெட்டைப் பார்ப்பது அதே சர்வரின் ஃபயர்வால் பார்ப்பதற்கு முன்னால். வாசல் கேமராவில் ஆள் தெரிகிறார் என்பதற்காக வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா? யூஎஃப்டபிள்யூ அல்லது ஃபயர்வால்டியில் 514 யூடிபி திறந்திருக்கிறதா பாருங்கள்.

அடுத்து, கேட்க ஆள் இருக்கிறாரா? எஸ்எஸ் கட்டளையில் யூடிபி போர்ட்டுகளைப் பட்டியலிட்டால் ஆர்சிஸ்லாக் 514-இல் உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் நெட்வொர்க்கிலிருந்து வாங்கும் வரிகள் கான்ஃபிக் கோப்பில் கமென்ட் ஆகித்தான் வரும். நீங்கள்தான் திறக்க வேண்டும். யூடிபிக்கு ஒன்று, டிசிபிக்கு ஒன்று என இரண்டு தனி மாட்யூல்கள். சாதனம் டிசிபியில் அனுப்ப, நீங்கள் யூடிபியை மட்டும் திறந்து வைத்திருப்பது அடிக்கடி நடக்கும். கிரேலாக் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை: 1024-க்குக் கீழுள்ள போர்ட்டில் உட்கார ரூட் உரிமை வேண்டும், கிரேலாக் சாதாரண பயனராக ஓடுகிறது. 514 கிடைக்காது. 1514 அல்லது 5140 கொடுத்துச் சாதனத்திலும் அதையே போடுங்கள்.

சர்வருக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு இருந்தால் ரிவர்ஸ் பாத் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். கேமரா விஎலானிலிருந்து பாக்கெட் ஒரு கார்டில் வருகிறது; அந்த ஐபிக்குத் திரும்பிப் போகும் பாதை இன்னொரு கார்டு வழியாக என்று ரவுட்டிங் அட்டவணை சொல்கிறது. மதிப்பு 1 என்றிருந்தால் கெர்னல் அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் வீசிவிடும். மார்ஷியன் லாகிங்கை இயக்கினால் கெர்னல் லாக்கில் தெரியும். ரவுட்டைச் சரிசெய்வதே ஒழுங்கு. அவசரமென்றால் மதிப்பை 2 ஆக்குங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கோப்பு உருவாகவில்லையென்றால் உரிமை. உபுண்டுவில் ஆர்சிஸ்லாக் ரூட்டாக ஓடுவதில்லை, சிஸ்லாக் என்ற பயனருக்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் ரூட்டாக உருவாக்கிய ஃபோல்டரில் அதனால் எழுத முடியாது.

கோப்பில் இருக்கிறது, வாஸூவில் தேடினால் இல்லை

நெட்வொர்க்கை விட்டுவிடுங்கள். வாஸூ வந்த வரி எல்லாவற்றையும் திரையில் காட்டாது. ஒரு விதி பொருந்தி, அந்த விதியின் நிலை 3 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அலர்ட் ஆகும். உங்கள் மீட்டர் கேட்வேயின் வரிக்கு வாஸூவிடம் விதியே இருக்காது. வரி வந்தது, படிக்கப்பட்டது, பொருந்தவில்லை, போய்விட்டது. அவ்வளவுதான் நடந்திருக்கும்.

உறுதிப்படுத்த, மேனேஜர் கான்ஃபிக்கில் எல்லா வரிகளையும் ஜேசனாகச் சேமிக்கும் ஆப்ஷனைக் கொஞ்ச நேரம் இயக்கி ஆர்க்கைவ் கோப்பைப் பாருங்கள். அங்கே இருந்தால் விதிப் பிரச்சினை. பார்த்து முடித்ததும் அணைத்துவிடுங்கள், டிஸ்க்கைத் தின்றுவிடும்.

இனி வாஸூ-லாக்டெஸ்ட். ஒரு வரியை எடுத்து ஒட்டிப் பார்க்கலாம். சாதனம் அனுப்பியது இப்படி இருந்தது என்று வையுங்கள்:

<134>அக் 14 10:42:07 என்விஆர்-3 லாகின்: பயனர்=அட்மின் ஐபி=10.20.5.77 முடிவு=தோல்வி

முன்னால் இருக்கும் 134-ஐ 8-ஆல் வகுத்தால் ஈவு 16, மீதி 6. பதினாறு என்பது லோக்கல்-0 என்ற பிரிவு. ஆறு என்பது வெறும் ‘தகவல்’ நிலை. அட்மின் கணக்கில் நுழைவு தோற்றதை இந்தச் சாதனம் வெறும் தகவல் என்று சொல்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆர்சிஸ்லாக் அந்த எண்ணை நீக்கிவிட்டு மிச்சத்தைத்தான் கோப்பில் எழுதும். லாக்டெஸ்ட்டில் கோப்பிலிருந்து எடுத்த வரியைத்தான் ஒட்ட வேண்டும், டிசிபி-டம்ப்பிலிருந்து எடுத்ததை அல்ல. அது மூன்று கட்டமாக விடை சொல்லும். முதல் கட்டத்தில் நேரம், ஹோஸ்ட் பெயர், நிரல் பெயர் பிரியும். இரண்டாவதில் டிகோடர், அதாவது வரியிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் வடிவம். எந்த டிகோடரும் பொருந்தவில்லை என்று வந்தால், உள்ளூர் டிகோடர் கோப்பில் நிரல் பெயரைப் பிடித்து ஒன்று எழுதுங்கள். பயனர், ஐபி, முடிவு மூன்றையும் தனித்தனியாக எடுங்கள். மூன்றாவது கட்டம் விதி. சொந்த விதிகளுக்கு 1,00,000 முதல் 1,20,000 வரையுள்ள எண்களைப் பயன்படுத்துங்கள். மற்றவை வாஸூவுக்குச் சொந்தம், அப்டேட்டில் மோதும்.

முதல் கட்டமே சொதப்பினால் சாதனம் தேதியை எழுதும் முறையில் கோளாறு. 2001-இல் எழுதி வைத்த ஆர்எஃப்சி 3164 (சிஸ்லாக் வடிவத்தைச் சொல்லும் ஆவணம்) முறையில் மாதப் பெயர், நாள், மணி மட்டும்தான். ஆண்டும் கிடையாது, டைம்ஸோனும் கிடையாது. சில பெட்டிகள் தங்கள் இஷ்டத்துக்கு ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதுகின்றன. அப்போது ஹோஸ்ட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தேதி உட்கார்ந்திருக்கும். சாதனத்தில் ஆர்எஃப்சி 5424 என்று தேர்வு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அது 2009-இல் வந்தது, ஆண்டும் டைம்ஸோனும் அதில் உண்டு. மைக்ரோடிக் ரவுட்டரில் பிஎஸ்டி சிஸ்லாக் என்றொரு டிக் பெட்டி இருக்கிறது. போட்டால்தான் 3164 தலைப்போடு அனுப்பும். எந்தத் தேர்வும் இல்லாத பெட்டிக்கு ஆர்சிஸ்லாக்கிலேயே ஒரு டெம்ப்ளேட் எழுதி, தலைப்பை நாமே கட்டிக் கொடுக்க வேண்டியதுதான்.

நேரம் இடிக்கிறது

எத்தனை மணி இடிக்கிறது என்பதிலேயே விடை இருக்கிறது.

சரியாக ஐந்தரை மணி என்றால் யூடிசி (உலகப் பொது நேரம்) குழப்பம். சாதனம் இந்திய நேரத்தில் காலை 10:00 என்று அனுப்புகிறது, டைம்ஸோன் சொல்லவில்லை; வாங்கும் இடம் அதை யூடிசி என்று எடுத்துக்கொண்டு, நமக்கு மாலை 3:30 என்று காட்டுகிறது. கிரேலாக் சாதனம் சொன்ன நேரத்தையே நம்புவதால், ‘கடைசி 15 நிமிடம்’ என்று தேடினால் லாக் வராது. அது எதிர்காலத்தில் இருக்கிறது! லாக்கே வரவில்லை என்று நினைத்து நெட்வொர்க்கைக் குடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாஸூவில் இந்தத் தேடல் சிக்கல் வராது. அலர்ட்டின் நேரமாகத் தன் மேனேஜர் கையாண்ட நேரத்தை வைத்துக்கொண்டு, சாதன நேரத்தை வேறு புலத்தில் போட்டுவிடும். ஆனால் சம்பவம் நடந்த பின் கேமரா படத்தோடு ஒப்பிடும்போது இடிக்கும்.

இரண்டரை மணி என்றால் சாதனம் சீன நேரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் பல கேமராக்கள் பெட்டியைப் பிரிக்கும்போது யூடிசி +8-இல்தான் இருக்கும்.

1970 ஜனவரி 1 என்றால் உள்ளே கடிகார பேட்டரி இல்லை அல்லது செத்துவிட்டது, என்டிபியும் எட்டவில்லை. மின்சாரம் போய் வந்ததும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. நம் நேரத்தில் பார்த்தால் அதிகாலை 5:30-இலிருந்து தொடங்கும்.

நாளுக்கு நாள் சில விநாடி நகர்ந்தால் என்டிபி ஒருமுறை மட்டும் ஓடி நின்றிருக்கிறது. ஆலைக்குள் ஒரு சர்வரில் குரோனி என்ற என்டிபி நிரல் வைத்து, அதை என்ஐசியின் (தேசிய தகவலியல் மையம்) சமய் நேர சர்வர்களோடு ஒத்திசைத்து, சாதனங்கள் எல்லாம் அதையே கேட்கும்படி செய்தோம். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணையும் என்ஐசி அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு ஒத்திசைக்கச் சொல்கிறது.

எதுவானாலும், கோப்பில் எழுதும்போது சாதனம் சொன்ன நேரம், ஆர்சிஸ்லாக் வாங்கிய நேரம் இரண்டையும் எழுதும்படி டெம்ப்ளேட் வையுங்கள். பிறகு யார் பொய் சொன்னது என்று வாதாட வேண்டியதில்லை.

எல்லா வரியும் ஒரே சாதனத்திலிருந்து வந்தது போலக் காட்டுகிறது

நாற்பது கேமராவும் தங்கள் பெயரை ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றே சொல்லும்போது இப்படி ஆகும். அவை சொல்லும் பெயரை நம்பாமல், பாக்கெட் வந்த ஐபியை வைத்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு எழுதச் சொல்லுங்கள். கோப்பின் பெயரிலேயே ஐபி இருந்தால், வாஸூ அலர்ட்டின் லொகேஷன் புலத்தில் அது அப்படியே வந்துவிடும்.

ஐபியே ஒன்றாக இருந்தால் நடுவில் நாட் (பாக்கெட்டின் மூல ஐபியை மாற்றி அனுப்புவது) நடக்கிறது. 172.17.0.1 என்று தெரிந்தால் டாக்கர் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்); வாங்கும் கன்டெய்னரை ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டுங்கள்.

வரி ஒட்டுகிறது, உடைகிறது, நடுவில் குறி வருகிறது

#012 என்பது ஆர்சிஸ்லாக் மாற்றிப் போட்ட புதுவரிக் குறி, #011 டேப். சாதனம் பல வரிச் செய்தி அனுப்புகிறது, பயப்பட ஒன்றுமில்லை.

டிசிபியில் வரி தொடக்கத்தில் 215, 187 என்று தனியாக ஓர் எண் நின்றால், அனுப்பும் முனை செய்தியின் நீளத்தை முன்னால் சொல்கிறது. வாங்கும் முனைக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. இரண்டு முனையும் நீளம் சொல்லும் முறையா, வரி முடிவைக் குறிக்கும் முறையா என்று ஒன்றில் நிற்க வேண்டும்.

நீளமான வரி பாதியில் அறுந்தால் 3164-இன் 1024 பைட் வரம்பு. தமிழ்ப் பெயர் வைத்தவர்களுக்கு இது சீக்கிரம் வரும். கேமராவுக்கு ‘வாசல்’ என்று பெயர் வைத்தால் யூடிஎஃப்-8-இல் 15 பைட், ‘கேட்’ என்று ஆங்கில எழுத்தில் வைத்தால் நான்கே. வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தால் ஜேசனும் சேர்ந்து உடையும். மொழிப்பற்று எனக்கும் உண்டு. இந்த ஒரு கட்டத்தில் மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துவிட்டேன்.

டிஎல்எஸ் கைகுலுக்கல் முடியவில்லை

டிஎல்எஸ் என்பது லாக்கை மறையாக்கி அனுப்பும் முறை. போர்ட் 6514. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கிளையன்ட் கட்டளையால் சர்வரைத் தொட்டுச் சான்றிதழ் சங்கிலி முழுதாக வருகிறதா பாருங்கள். பிறகு சாதனத்தின் கடிகாரம்: 1970-இல் வாழும் பெட்டிக்கு உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை. சாதனத்தில் சர்வரை ஐபியாகக் கொடுத்திருந்தால் அந்த ஐபி சான்றிதழிலும் இருக்க வேண்டும். டிஎல்எஸ் 1.0 மட்டும் தெரிந்த பழைய பெட்டிக்காக மைய சர்வரைத் தளர்த்தாதீர்கள். அந்த யூனிட்டிலேயே ஒரு சிறு பெட்டியில் ஆர்சிஸ்லாக் வைத்து உள்ளே யூடிபியில் வாங்கி, வெளியே டிஎல்எஸ்ஸில் அனுப்புங்கள்.

நேற்று வரை வந்தது, இன்று நின்றுவிட்டது

எப்போது நின்றது என்று கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள்.

வாங்கும் சர்வரை ரீபூட் செய்த நேரமென்றால், டிசிபியில் அனுப்பும் சாதனம் மறுபடி இணைக்க முயலவில்லை. சில பெட்டிகள் தாங்கள் பூட் ஆகும்போது மட்டுமே இணைப்பைத் திறக்கும்.

அதிகாலை 5:30 என்றால் எனக்கு உடனே இண்டெக்ஸர்மேல் (அலர்ட்டுகளைச் சேமித்துத் தேடித் தரும் பகுதி) சந்தேகம் வரும். வாஸூவின் நாள் இண்டெக்ஸ் யூடிசி நள்ளிரவில், அதாவது நம் 5:30-க்கு மாறுகிறது. ஒரு நோடுக்கு (இண்டெக்ஸர் சர்வர்) இயல்பாக 1000 ஷார்டு (இண்டெக்ஸின் துண்டு) வரை. நிரம்பிவிட்டால் புது இண்டெக்ஸ் உருவாகாது, எல்லாச் சாதனமும் ஒரே நொடியில் ஊமையாகும். அலர்ட்டை இண்டெக்ஸருக்கு அனுப்பும் ஃபைல்பீட்டின் லாக்கில் காரணம் அப்படியே எழுதியிருக்கும். டிஸ்க் 95 சதவீதம் தொட்டாலும் இண்டெக்ஸுகள் எழுத முடியாமல் பூட்டிக்கொள்ளும். பழையதை அழிப்பதற்கு முன் ஒன்று: செர்ட்-இன் ஆணைப்படி லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வேறு டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு அழியுங்கள்.

மூன்றாவது வகைதான் எங்களை அதிகம் படுத்தியது. இரண்டாவது யூனிட்டில் ஃபைபர் அறுந்து, விபிஎன் சுரங்கம் ஒரு மணி நேரம் இல்லை. திரும்பி வந்தது. பிங் போகிறது, ரவுட்டரின் வெப் பக்கம் திறக்கிறது, என்விஆர் லாக் மட்டும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ரவுட்டரின் கனெக்‌ஷன் டிராக்கிங் அட்டவணையைத் திறந்தபோதுதான் புரிந்தது. சுரங்கம் இல்லாத நேரத்தில் சிஸ்லாக் பாக்கெட் இணையப் பக்கம் போக முயன்று, வெளி ஐபிக்கு நாட் ஆகியிருக்கிறது. என்விஆர் எப்போதும் ஒரே மூலப் போர்ட்டிலிருந்து, சில விநாடிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பதில் வராத யூடிபி பதிவு 30 விநாடியில் காலாவதியாகும்; ஒவ்வொரு பாக்கெட்டும் அந்த 30-ஐ மறுபடி தொடங்கி வைக்கிறது. பழைய நாட் சாகவே இல்லை, சுரங்கம் வெளி ஐபியை ஏற்கவில்லை. பிங் புதிதாகப் போவதால் அதற்குச் சிக்கல் இல்லை. அந்த ஒரு பதிவை அழித்ததும் லாக் கொட்டத் தொடங்கியது. மறுபடி நடக்காமல் இருக்க, மைய நெட்வொர்க்குக்குப் போகும் எதையும் நாட் செய்யாதே என்று ஒரு விதியும், சுரங்கம் இல்லாதபோது அந்த முகவரிகளைக் கீழே போடும் பிளாக்ஹோல் ரவுட்டும் சேர்த்தோம்.

லாக் நின்றதை யாரும் கவனிக்காததுதான் இதில் அசிங்கம். வாஸூ, ஏஜென்ட் துண்டித்தால் சொல்லும். ஏஜென்ட் படிக்கும் கோப்புக்கு வரி அனுப்பும் கேமரா நின்றால் சொல்லாது. இப்போது கிரானில் (குறித்த நேரத்துக்கு ஒருமுறை கட்டளை ஓட்டும் வசதி) ஒரு ஃபைண்ட் கட்டளை ஓடுகிறது: ஒரு மணி நேரமாக மாறாத கோப்பு இருந்தால் அதன் பெயரை இன்னொரு லாக்கில் எழுதும், அதற்கு ஒரு விதி அலர்ட் அடிக்கும்.

இடையிடையே சில வரி காணாமல் போகிறது

யூடிபியில் தொலைந்தால் தொலைந்ததுதான். நெட்ஸ்டாட்டில் யூடிபி கணக்கைப் பாருங்கள்; ரிசீவ் பஃபர் பிழை ஏறிக்கொண்டே போனால் சர்வர் வாங்கும் வேகம் போதவில்லை. கெர்னலின் உச்ச ரிசீவ் பஃபர் பெரும்பாலும் 2,12,992 பைட்டில் நிற்கும். சில எம்பிக்கு ஏற்றி, ஆர்சிஸ்லாக்கிலும் பெரிய பஃபர் கேட்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஏறவில்லையென்றால் வழியில் தொலைகிறது: விபிஎன்னில் பெரிய பாக்கெட் துண்டாகிறதா பாருங்கள். ஒரு ஆர்சிஸ்லாக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் இடத்தில் டிஸ்க் உதவியோடு வரிசை வைத்து, மறுமுயற்சி எண்ணிக்கையை -1 ஆக்குங்கள். இயல்பு மதிப்பு பூஜ்யம். எதிர்முனை எட்டாவிட்டால் திரும்ப முயலாமல் விட்டுவிடும்.

மின்விசிறி லாக் வருகிறது, லாகின் தோல்வி வரவில்லை

மேலே 134-ஐ ஞாபகம் வைக்கச் சொன்னேன். லாக் வெள்ளமாக வருகிறதென்று சாதனத்தில் ‘எச்சரிக்கைக்கு மேல் மட்டும்’ என்று வைத்திருப்பீர்கள். எச்சரிக்கை என்பது 4. கடுமை கூடக் கூட எண் குறையும். மின்விசிறி நின்றது 4-இல் வருகிறது, நுழைவுத் தோல்வி 6-இல் வருகிறது. வடிகட்டியது நீங்கள்தான். சாதனத்தில் 6 வரை திறந்துவிட்டு, அசைவு கண்டறிதல் போன்ற சத்தத்தை ஆர்சிஸ்லாக்கில் சொல்லைப் பார்த்து வெட்டுங்கள். நுழைவு, பயனர் சேர்ப்பு, செட்டிங் மாற்றம், ஃபர்ம்வேர் ஏற்றம், ரீபூட், கடிகார மாற்றம் இவை எந்த நிலையில் வந்தாலும் வெட்டக் கூடாது என்று பட்டியலைக் கான்ஃபிக் கோப்பின் தலையிலேயே கமென்டாக எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் வடிகட்டியைத் திருத்தும் முன் அதைப் படிப்பார்.